ஒரு சிம்மாசனமும் மூன்று பங்காளிகளும்



அயல்நாட்டுச் செய்திகளைக் கேட்டு வருவோருக்கு ஒரு சொற்றொடர் பழகிப்போயிருக்கும். ஏதோ ஒரு நாட்டில் படைவீரர்கள் அரசாங்கத்தைக் கவிழ்க்கிறார்கள். அண்டை நாட்டார் சமாதானம் பேச வருகிறார்கள். சில வாரங்களுக்குப் பின், ‘அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அரசாங்கம்’ அமைந்தது என்று அறிவிப்பு வருகிறது. அந்த அறிவிப்பு வந்த சில மாதங்களுக்குள்ளாகவே பங்கு பற்றிய வழக்கும் தொடங்கிவிடுகிறது. யாருக்கு எந்தப் பதவி என்பது காகிதத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தும் வழக்கு ஏன் எழுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. மைசூரு நகரிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், காவிரி இரு கைகளாலும் அணைத்துக் கிடக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், 1760, 1761 ஆகிய இரண்டு ஆண்டுகளில் நடந்தவற்றை அறிந்துகொண்டாலே போதும். அவற்றைத்தான் இன்று நாம் நினைத்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். அரசாங்க ஆவணங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுவருவதையே தொழிலாக உடைய நமக்கு, பழைய மைசூர் வரலாற்றைப் படிக்கும்போது ‘சர்வாதிகாரி’ என்ற பதவிப் பெயர் திகைப்பை உண்டாக்குகிறது. தமிழில் அச்சொல்லைக் கேட்டவுடன் எவர்க்கும் கட்டுப்படாத கொடுங்கோலன் ஒருவன் நம் கண்முன் நிற்கிறான். மைசூர் அரசிலோ அது ஓர் அமைச்சரின் பதவி. அரசர், படைக்குத் தலைவரான தளவாய், வருவாயையும் நிர்வாகத்தையும் கவனித்த சர்வாதிகாரி, கணக்குக்கும் கடிதப் போக்குவரத்துக்கும் பொறுப்பான பிரதானி என்று அதிகாரம் பகுக்கப்பட்டிருந்தது. பகுத்தவர்கள் அறிவுடையவர்களே. எனினும், காலப்போக்கில் பகுதி முழுமையை விழுங்கிவிட்டது. அந்தப் பதவிப் பெயர் நம் மொழியில் பெற்றுள்ள பொருளையும் அந்த வரலாற்றையும் ஒருங்கே எண்ணும்போது, சொற்களுக்கும் ஒரு தீர்க்கதரிசனம் உண்டோ என்று தோன்றுகிறது.

1704ஆம் ஆண்டில் சிக்க தேவராஜ உடையார் மறைந்தார். அவர் வலிமை மிக்க அரசர். அவருக்குப்பின் பட்டத்துக்கு வந்த மகன் பேசவும் கேட்கவும் இயலாதவர். ‘மூகரசு’ என்றே மக்கள் அவரை அழைத்தனர். அரசரின் வாய் பேசாதபோது அமைச்சரின் வாய் பேசத் தொடங்குவது இயல்பு. களலே குடும்பத்தைச் சேர்ந்த தளவாய்களின் கை ஓங்கியது. 1732இல் பட்டமேறிய சாமராஜ உடையார் அந்தக் கையைத் தட்டிவிட முயன்றார். பலன், 1734இல் அவரே சிம்மாசனத்திலிருந்து இறக்கப்பட்டு, கப்பாளதுர்க்கம் என்ற மலைக்கோட்டைச் சிறைக்கு அனுப்பப்பட்டார், அங்கேயே மாண்டார். அவருடைய இடத்தில் ஒரு சிறுவரைக் கொண்டுவந்து அமர்த்தினார்கள். அவரே இரண்டாம் கிருஷ்ணராஜ உடையார். தளவாய் தேவராஜையாவும், சர்வாதிகாரியான அவர் தம்பி கராசூரி நஞ்சராஜையாவும் நாட்டை ஆண்டனர். அரசர் கொலுவீற்றிருந்தார்.

இந்த நஞ்சராஜையாவை வெறும் ஆதிக்க வெறியர் என்று தள்ளிவிட முடியாது. அவர் சிவபக்தர், கன்னடத்தில் நூல் இயற்றியவர், புலவர்களைப் புரந்தவர். நரசிம்ம கவி என்பவர் ‘நஞ்சராஜ யசோபூஷணம்’ என்று வடமொழியில் ஓர் அணியிலக்கண நூலையே அவர் பெயரால் செய்திருக்கிறார். ஆனால் அவர் கண் தமிழ்நாட்டின்மேல் விழுந்தது. திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் சந்தா சாகிபின் முற்றுகைக்கு உட்பட்டிருந்த முகமது அலி, தமக்கு உதவினால் திருச்சிராப்பள்ளியையே மைசூருக்குக் கொடுத்துவிடுவதாக வாக்களித்தார். நஞ்சராஜையா பெரும்படையோடு புறப்பட்டுச் சென்றார். 1752இல் சந்தா சாகிபு கொல்லப்பட்டார்; முகமது அலி வாக்கை மறந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்து அரங்கநாதரின் ஊரிலிருந்து சென்ற படை, நம் திருவரங்கத்து அரங்கநாதரின் ஊரருகே மூன்று ஆண்டுகள் காத்துக் கிடந்துவிட்டு, 1755இல் வெறுங்கையோடு திரும்பிற்று. திரும்பி வந்தது படை; திரும்பி வராதது பொக்கிஷப் பணம். பின்னே நிகழ்ந்த எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் ஊன்றப்பட்டது.

அந்தப் போரில் கவனத்துக்கு வந்த படைத்தலைவர்களுள் ஒருவர் ஹைதர் அலி. 1749இல் தேவனஹள்ளி முற்றுகையில் முதன்முதலாகப் பெயர் பெற்ற அவரை, 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக அனுப்பினார்கள். திண்டுக்கல் வட்டாரத்துப் பாளையக்காரர்களை அடக்கித் திறை வாங்கியும், பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு ஆயுதச்சாலை அமைத்தும், அங்கே அவர் தமக்கென்று ஒரு படையையும் பணத்தையும் சேர்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நினைவாற்றலோ அபாரமானது. எழுத்துவேலைக்கும் கணக்குக்கும் அவர் நம்பியிருந்தவர் கண்டே ராவ் என்னும் அந்தணர். தலைநகரில் ஹைதரின் காரியங்களை எல்லாம் கவனித்து முடித்தவர் அவரே. ஒருவரிடம் வாள் இருந்தது. மற்றவரிடம் எழுதுகோல் இருந்தது. இருவரும் இணைபிரியாமல் உயர்ந்தார்கள்.

இதற்கிடையில் அரசர் கிருஷ்ணராஜர் வளர்ந்து வாலிபராகிவிட்டார். 1756இல் அவர் தம் உரிமையைக் கேட்க முற்பட்டபோது, நஞ்சராஜையா அரண்மனையின் மீதே பீரங்கியைத் திருப்பினார். வாயிலை உடைத்து உள்ளே புகுந்து, அரசரின் ஆதரவாளர்களைக் கொடிய தண்டனைக்கு உள்ளாக்கினார். தம்பியின் இச்செயலைப் பொறாத தேவராஜையா தலைநகரை விட்டு வெளியேறிச் சத்தியமங்கலத்துக்குச் சென்றுவிட்டார். மறு ஆண்டில் மராட்டியப் படை வந்து கோட்டையைச் சூழ்ந்துகொண்டு 32 லட்சம் ரூபாய் கேட்டது. பொக்கிஷத்தில் அதற்கு வழியில்லை. கையிலிருந்ததைக் கொடுத்து, மிகுதிக்குச் சில மாவட்டங்களை ஈடாக வைக்க வேண்டியதாயிற்று. மாவட்டங்கள் போனபின் வருவாய் ஏது? வருவாய் இல்லாதபோது படைக்குச் சம்பளம் ஏது?

நேயர்களே, இந்த வரலாறு முழுவதிலும் மீண்டும் மீண்டும் ஒலிக்கும் பல்லவி ஒன்று உண்டு. அது படைவீரர்களின் சம்பளப் பாக்கி. 1758இல் சம்பளம் கிடைக்காத வீரர்கள், நாம் இன்று ‘தர்ணா’ என்று வழங்கும் அதே முறைப்படி, அமைச்சரின் வாயிலில் போய் அமர்ந்துவிட்டனர். அண்ணனும் தம்பியும் அவசரமாகச் சமரசமாயினர். சில நாட்களில் அண்ணன் தேவராஜையா இறந்துபோனார். பாக்கியைத் தீர்த்துக் கூட்டத்தைக் கலைத்த பெருமை ஹைதருக்கும் கண்டே ராவுக்கும் கிடைத்தது. யார் சம்பளத்தைக் கொடுத்தாரோ அவரையே வீரர்கள் தலைவராகக் கண்டனர். இதனை எல்லோரும் பார்த்தார்கள். ஹைதர் பார்த்ததோடு மறக்காமலும் இருந்தார்.

1759இல் முதல் கவிழ்ப்பு நடந்தது. அரண்மனையின் மூத்த ராணியார், அரசர், கண்டே ராவ், ஹைதர் ஆகியோர் ஒன்று கூடினர். மறுபடியும் வீரர்கள் பாக்கியைக் கேட்டு எழுந்தனர். இம்முறை எழுப்பப்பட்டனர் என்றே கூறவேண்டும். நஞ்சராஜையா பதவியைத் துறந்து மைசூருக்கு விலகினார். பின்னர் அங்கிருந்தும் அகற்றப்பட்டு மேற்கே கோணனூரில் ஒதுங்கினார். புதிய ஏற்பாடு இதுதான்: அரசர் அரசராகவே ஆள்வார், படை ஹைதருடையது, பிரதானிப் பதவி கண்டே ராவுக்கு. காகிதத்தில் பார்த்தால் இதைவிட நேர்த்தியான பங்கீடு இருக்க முடியாது. ஆனால் படையின் பாக்கியைத் தீர்ப்பதற்காக ஹைதருக்கு மாவட்டங்களை ஒவ்வொன்றாக ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஓராண்டுக்குள் நாட்டில் பாதிக்கு மேற்பட்ட பகுதியின் வருவாய் அவர் கைக்குப் போய்விட்டது. கணக்கை எழுதுபவர் கண்டே ராவ் அல்லவா? வரவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது அவருக்குத்தான் முதலில் புலப்பட்டது.

தமிழில் ‘பங்காளி’ என்ற சொல் பங்குக்கு உரியவனைக் குறிப்பது. ‘பங்காளிக் காய்ச்சல்’ என்பதும் நம் தமிழே. முதற்சொல் நின்ற இடத்தில் இரண்டாவது சொல் வந்து நிற்க அதிக நாள் ஆகவில்லை.

1760ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12ஆம் நாள். ஹைதரின் படையில் பெரும்பகுதி, புதுச்சேரியில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற பிரெஞ்சுக்காரர்களுக்கு உதவியாக மக்தூம் அலியின் தலைமையில் சென்றிருந்தது. ஹைதர் சிறு படையோடு கோட்டைக்கு வெளியே தீவில், இன்று தரியா தௌலத் மாளிகை நிற்கும் பக்கத்தில், தங்கியிருந்தார். பொழுது விடிந்தபோது கோட்டை வாயில்கள் மூடப்பட்டிருந்தன. கோட்டைப் பீரங்கிகள் அவருடைய முகாமை நோக்கி முழங்கின. என்ன நேர்ந்தது என்று கேட்கக் கண்டே ராவைக் கூப்பிட்டு வரச்சொன்னாராம் ஹைதர். பீரங்கிகளுக்கு ஆணையிட்டவரே கண்டே ராவ்தான் என்ற செய்தி வந்தது. அரசரும் ராணியாரும் அவர் பக்கம் நின்றனர். விசாஜி பண்டிதரின் மராட்டியப் படையும் வரவழைக்கப்பட்டிருந்தது. அன்றிரவு, வெள்ளம் புரண்ட காவிரியைக் கடந்து, ஒரு சில குதிரைவீரரோடு ஹைதர் தப்பினார். குடும்பத்தை அழைத்துச் செல்ல இயலவில்லை. பத்து வயது நிறையாத திப்புவும் கோட்டைக்குள்ளேதான் இருந்தார். ஆனேக்கல் வழியாக ஹைதர் பெங்களூரை அடைந்தார்.

இதனை ஆட்சிக் கவிழ்ப்பு என்பதா, அரசர் தம் உரிமையை மீட்டுக்கொண்டது என்பதா? அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தவர்கள் இரண்டாவதாகச் சொன்னதையே கூறியிருப்பார்கள்.

பிறகு நடந்தவை கதைபோல் விரைகின்றன. ஹைதர் பெங்களூர் வணிகரிடம் கடன் வாங்கினார். மராட்டியருக்குப் பணமும், நம் சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்தைச் சேர்ந்த பாராமகால் நாடும் தருவதாகச் சொல்லி அவர்களை விலக்கினார். 1761 ஜனவரியில் பானிப்பட்டில் மராட்டியர் அடைந்த பெருந்தோல்வி, தெற்கே அவர்கள் கவனத்தைக் குலைத்தது. எனினும் நஞ்சன்கூட்டின் அருகே கண்டே ராவுடன் மோதிய ஹைதர் தோற்றார். தோற்றவர் எங்கே சென்றார் என்பதே வியப்பு. எந்த நஞ்சராஜையாவை வீழ்த்தினாரோ, அதே நஞ்சராஜையாவின் வாயிலில் கோணனூரில் போய் நின்று மன்னிப்புக் கோரினார். முதியவர் மனம் இளகிற்று. தம் பெயரையும் செல்வாக்கையும் இரவல் கொடுத்தார். அந்தப் பெயரை ஹைதர் பயன்படுத்திய விதம் நயவஞ்சகமானது. கண்டே ராவின் படைத்தலைவர்களுக்கு நஞ்சராஜையா எழுதியவைபோல், ‘முன்பே பேசிக்கொண்டபடி அவரைப் பிடித்து ஒப்படையுங்கள்’ என்ற கருத்தில் பொய்க்கடிதங்கள் ஆயத்தமாயின. அவை கண்டே ராவின் கையிலேயே விழுமாறு செய்யப்பட்டது. வாழ்நாள் முழுவதும் எழுத்தை நம்பியவர் எழுத்தாலேயே ஏமாந்தார். தம் சேனை தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று அஞ்சித் தலைநகருக்கு ஓடினார். தலைவனில்லாப் படை சிதறிற்று.

1761ஆம் ஆண்டின் நடுவில் ஹைதர் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் எதிரே வந்து நின்றார். அவருடைய கோரிக்கை அடக்கமாகவே இருந்தது. கண்டே ராவைத் தம்மிடம் ஒப்படைக்க வேண்டும்; தமக்கு வரவேண்டிய பாக்கியைத் தீர்க்க வேண்டும்; தம்மைப் பணியில் வைத்துக்கொள்வதும் வைத்துக்கொள்ளாததும் அரசரின் விருப்பம். பாக்கியைத் தீர்க்க அரண்மனையால் இயலாது என்பதை இரு தரப்பும் அறியும். முடிவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆண்டுக்கு மூன்று லட்சம் வராகன் வருவாயுள்ள நிலம் அரசருக்கு. ஒரு லட்சம் வராகன் வருவாயுள்ளது நஞ்சராஜையாவுக்கு. மற்ற நாடு முழுவதன் நிர்வாகமும், படைச்செலவும், பாக்கியைத் தீர்க்கும் பொறுப்பும் ஹைதருக்கு. கண்டே ராவின் உயிருக்காக அரண்மனைப் பெண்டிர் இரங்கி வேண்டினர். கிளியைப்போல் வளர்ப்பேன் என்று வாக்களித்த ஹைதர், அவரை இரும்புக் கூண்டிலிட்டுப் பாலும் சோறும் கொடுத்து வந்தார் என்று மார்க் வில்க்ஸ் எழுதியிருக்கிறார்.

இந்த வில்க்ஸ் யார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அவர் மைசூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாகப் பணியாற்றியவர். திப்புவை வீழ்த்தி உடையார் வமிசத்தை மீண்டும் அமர்த்திய கும்பினியின் ஊழியர். ஹைதர் செய்தது அபகரிப்பு என்று நிலைநாட்டுவது கும்பினியின் செயலுக்கு நியாயம் தேடித் தருவதாகும். மறுபுறம், பாரசீகத்தில் ஹைதரின் வரலாற்றை எழுதிய கிர்மானியின் நூலைப் பார்த்தால், உப்பிட்டவரை மறந்த துரோகி கண்டே ராவ். நாட்டைக் காத்தவர் ஹைதர். இரண்டு நூல்களையும் எதிரெதிரே வைத்துப் படிப்பவர்கள் நிகழ்ச்சிகளில் அதிக வேறுபாட்டைக் காணமாட்டார்கள். பெயரிடுவதில்தான் வழக்கு. ஒருவர் ‘மீட்பு’ என்பதை மற்றவர் ‘துரோகம்’ என்கிறார். ஒருவர் ‘காவல்’ என்பதை மற்றவர் ‘அபகரிப்பு’ என்கிறார். மொழிபெயர்ப்பவர்கள் இத்தகைய சொற்களிடம் எச்சரிக்கையாக இருக்கக் கற்றுக்கொள்கிறோம். சொல்லைச் சற்றே விலக்கிவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்டால் உண்மை துலங்கும். படைக்குச் சம்பளம் கொடுத்தவர் யார்? கோட்டைச் சாவி யாரிடம் இருந்தது? கடிதத்தில் முத்திரை இட்டவர் யார்?

1761இன் உடன்பாட்டை இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள். மூன்றுக்கும் விடை ஒருவரே. அரசருக்கு எஞ்சியது தசராக் கொலு. ஆண்டுதோறும் அந்த விழாவில் உடையார் சிம்மாசனத்தில் அமர்ந்து மக்களுக்குக் காட்சி தந்தார்; ஹைதரும் அவருக்கு மரியாதை செய்தார். ஹைதர் வெளியிட்ட நாணயத்தில் ஒருபுறம் சிவபார்வதி உருவமும் மறுபுறம் அவர் பெயரின் முதலெழுத்தும் இருந்தன. அவர் சிம்மாசனத்தில் ஏறவில்லை. ஏற வேண்டிய தேவை இருக்கவில்லை. 1766இல் கிருஷ்ணராஜர் மறைந்தபின் அவர் மகன் நஞ்சராஜ உடையார் பட்டமேறினார். 1770இல் அவர் கொல்லப்பட்டார். இரவல் பெயர் கொடுத்த கராசூரி நஞ்சராஜையாவும் சில ஆண்டுகளில் தலைநகருக்கு அழைக்கப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். சிறையிலேயே அவர் வாழ்வு முடிந்தது. மூன்று பங்காளிகளில் ஒருவரே மிஞ்சினார்.

ஆனால் அரண்மனைக்குள் ஒருவர் மட்டும் சோர்ந்துவிடவில்லை. அவர் கிருஷ்ணராஜரின் துணைவியாரான லட்சுமி அம்மணி. அவருடைய முகவரான திருமலை ராவ் என்பவர் நம் தஞ்சாவூரில் இருந்துகொண்டு ஆங்கிலேயரோடு பேசினார். 1782 அக்டோபரில், தஞ்சாவூரிலேயே, சல்லிவன் என்ற கும்பினி அதிகாரியுடன் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. அது நிறைவேற 17 ஆண்டுகள் ஆயின. 1799 மே 4ஆம் நாள் திப்பு போர்க்களத்தில் வீழ்ந்தார். ஐந்து வயதுக் குழந்தையான மூன்றாம் கிருஷ்ணராஜர் சிம்மாசனத்தில் அமர்த்தப்பட்டார். உடனே இன்னொரு பங்கீடும் எழுதப்பட்டது: ஆண்டுக்கு ஏழு லட்சம் வராகன் கும்பினிக்கு, படை கும்பினியுடையது, பணத்துக்கு ஆபத்து என்று கருதினால் நிர்வாகத்தையே கும்பினி எடுத்துக்கொள்ளலாம். 1831இல் எடுத்துக்கொண்டார்கள், 1881இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். படைக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்ற கேள்வி அப்போதும் பொய்த்துப்போகவில்லை.

நம் காலத்துக்கு வருவோம். 2009 மார்ச்சில் மடகாஸ்கர் தீவில், படையின் ஒரு பகுதியினர் துணை நிற்க, ரவலோமனானா என்ற அதிபர் விலக நேர்ந்தது. ரஜோலினா என்ற இளைஞர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் மபூட்டோ நகரிலும், நவம்பரில் அடிஸ் அபாபாவிலும் அதிகாரப் பங்கீட்டு உடன்பாடுகள் கையெழுத்தாயின. டிசம்பரில் ரஜோலினா அவற்றை உதறிவிட்டார். தேர்தல் நடப்பதற்கு 2013ஆம் ஆண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் 2019 முதல் தேர்தல் வழியே அதிபராக இருந்த அதே ரஜோலினாவை, 2025 அக்டோபரில் இறக்கியதும் படையே. அதுவும் 2009இல் அவரைத் தாங்கி நின்ற அதே படைப்பிரிவு. சூடானில் 2021 அக்டோபரில் படைத்தலைவர்கள் பிரதமர் ஹம்டோக்கைக் காவலில் வைத்தார்கள். நவம்பரில் ஓர் உடன்பாட்டின்பேரில் மீண்டும் பதவியில் அமர்த்தினார்கள். 2022 ஜனவரியில் அவர் தாமே விலகினார். 2023 ஏப்ரலில், கவிழ்ப்பில் கூட்டாளிகளாயிருந்த இரண்டு படைத்தலைவர்களும் ஒருவரோடொருவர் போரில் இறங்கினர். அந்தப் போர் பல லட்சம் மக்களை வீடிழக்கச் செய்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் கதையை அறிந்தவர்களுக்கு இவை புதுமையாகத் தோன்றா.

நாம் கூறிய கதையில் ஒரு தரப்பாரின் குரலே கேட்கவில்லை என்பதை நேயர்கள் கவனித்திருப்பீர்கள். முற்றுகையாளருக்கு ஈடாக வைக்கப்பட்ட மாவட்டங்களில் யார் வாழ்ந்தார்கள்? மூன்று லட்சம் வராகன் என்றும் ஒரு லட்சம் வராகன் என்றும் பிரிக்கப்பட்ட பணத்தை வயலில் விளைவித்தவர்கள் யார்? பாராமகாலை மராட்டியருக்குத் தருவதாகச் சொன்னபோது, அந்த மண்ணில் உழுதுகொண்டிருந்த தமிழ்க் குடியானவனை எவரும் கேட்கவில்லை. பங்கு போட்டவர்கள் யாவரும் கோட்டைக்குள் இருந்தனர். பங்குப்பொருள் கோட்டைக்கு வெளியே இருந்தது.

அந்தக் கணக்கு நேர்செய்யப்பட 1947ஆம் ஆண்டு வரை ஆயிற்று. நாடு விடுதலை பெற்ற பின்னும் மைசூரில் பொறுப்பாட்சி அமையாமையால், அவ்வாண்டு செப்டம்பரில் ‘மைசூர் சலோ’ என்ற அறப்போர் எழுந்தது. மாணவரும் தொழிலாளரும் குடியானவரும் சிறை புகுந்தனர். அக்டோபர் மாதத்தில் கே. சி. ரெட்டி அவர்கள் தலைமையில் மக்கள் அமைச்சரவை பதவியேற்றது. அன்றைய மகாராஜா ஜயசாமராஜ உடையார் பின்னர் மைசூர் மாநிலத்துக்கும், 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாநிலத்துக்கும் ஆளுநராக இருந்தார். தளவாய்களாலும் நவாபுகளாலும் கும்பினியாலும் தீர்க்கமுடியாத பங்கு வழக்கு, பொக்கிஷத்தின் சாவி மக்களின் பிரதிநிதிகளிடம் சென்றபோது ஓய்ந்தது. இன்று படைக்குரிய செலவைப் பாராளுமன்றம் ஆண்டுதோறும் வாக்களித்து வழங்குகிறது. வரவு செலவுத் திட்ட நாளில் வாசிக்கப்படும் அந்த எண்கள் சிலருக்குச் சலிப்பூட்டலாம். அந்த எண்களைப் பொதுவில் வாசிக்காத காலத்தில் என்ன நேர்ந்தது என்பதற்குக் காவிரிக் கரையில் கற்கள் சாட்சி நிற்கின்றன.

இம்மாநிலத்தில் வாழும் தமிழ் அன்பர்கள் பலர் விடுமுறை நாட்களில் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று அரங்கநாதரைச் சேவித்துவிட்டு, தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியங்களைப் பார்த்துத் திரும்புவது வழக்கம். அடுத்த முறை செல்லும்போது, பிள்ளைகளை ஆற்றங்கரைவரை அழைத்துச் செல்லுங்கள். பெருக்கெடுத்த ஆற்றை ஓர் இரவில் ஒருவர் கடந்ததையும், மறு ஆண்டு அவர் திரும்பி வந்தபோது எழுதப்பட்ட உடன்பாட்டையும் எடுத்துச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றால் இன்னும் நல்லது. இந்த வரலாறு நம் இருவர்க்கும் பொதுவானதே.